எட்டுக் கிலோ சாகசம்

வலியசாலை அக்ரஹாரத்தில் இதுவரை ஒருவரும் செய்யாத காரியத்தைத் தான் செய்யப்போவதாக ஆனந்தகிருஷ்ணன் அறிவித்தபோது, அவர் மனைவி சீதாலக்ஷ்மி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். காரியம் இதுதான். எட்டே கிலோ மூட்டையோடு ஊருக்குப் போவது.

சிரிக்காதீர்கள். அந்தத் தெருவின் வழக்கம் தெரிந்தால் சிரிப்பு வராது. அங்கே சுசீந்திரத்துக்குக் காலையில் போய் ராத்திரி திரும்புகிறவர்கள்கூட மிளகாய்ப்பொடி தடவிய இட்லி ஒரு டப்பா, புளியோதரை ஒரு தூக்கு, தயிர்சாதம் ஒரு தூக்கு, வடுமாங்காய், வெந்நீர் ஃபிளாஸ்க், விரித்துப் படுக்க ஜமக்காளம் என்றுதான் புறப்படுவார்கள். ஊருக்குப் போகிறார்களா, வீட்டைக் காலி பண்ணுகிறார்களா என்று ஆட்டோக்காரருக்கே சந்தேகம் வந்துவிடும்.

அப்பேர்ப்பட்ட தெருவில் ஆனந்தகிருஷ்ணனுக்கு ஏன் இந்தப் புத்தி வந்தது? எல்லாம் மகள் ஸ்நேகாவால் வந்தது. கொச்சியில் வேலை பார்க்கிற அவள், அப்பா அம்மாவுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிறதே என்று ஒரு பரிசு அனுப்பினாள். பட்டுப்புடவை அனுப்பினாளா, வெள்ளிக் குத்துவிளக்கு அனுப்பினாளா என்றால் அதெல்லாம் இல்லை. மலையடிவாரத்துக் கல்லாற்றில் ஒரு சாகச முகாமில் இரண்டு பேருக்கு இடம் பதிவு செய்துவிட்டாள். சனிக்கிழமை காட்டு வழியாக மலையேற வேண்டும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்க வேண்டும். ராத்திரி கூடாரத்தில் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இறங்கி வரலாம். முதுகில் மாட்டிக்கொள்ள ஒரே மாதிரி இரண்டு நீலப் பைகளும், அவற்றின் அடியில் வைக்க ஒரே மாதிரி இரண்டு படுக்கைப் போர்வைகளும் கூரியரில் வந்து இறங்கின.

ஆனந்தகிருஷ்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்திரண்டு வயது, இன்ஷூரன்ஸ் ஆபீஸில் மேனேஜர். பிறருடைய ஆபத்துகளையே காலமெல்லாம் கணக்குப் போட்ட மனுஷர். தனக்கென்று சொந்தமாக ஓர் ஆபத்து வாய்க்காதா என்று ஏங்கிக்கிடந்தவர். மூன்று மாதமாக ஃபோனில் மலையேறுகிறவர்களின் வீடியோவாகப் பார்த்துத் தள்ளியிருந்தார். பனிச்சறுக்கில் கால் பிசகினால் என்ன செய்ய வேண்டும் என்பதுகூட அவருக்கு அத்துப்படி. கல்லாற்றில் பனி கிடையாது. அதனாலென்ன, தெரிந்து வைத்துக்கொள்வதில் நஷ்டமா?

ஆனால் அந்த 'இரண்டு பேர்' என்பதுதான் தொண்டையில் முள்ளாய்க் குத்தியது. போன வருஷம் குற்றாலத்துக்குப் போனபோது சீதாலக்ஷ்மி தோசைக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தூக்கியது அவள் இல்லை, இவர். அருவியில் குளித்துக் கழுத்துவலி போகவேண்டியதிருக்க, கழுத்துவலியோடு ஊர் திரும்பிய ஒரே ஆள் அவர்தான். காட்டுக்குள் வீரனைப் போல நடக்கும்போது பின்னால் ஒரு தோசைக்கல் வருவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சீதாலக்ஷ்மியின் மனசு வேறு. மழை ஓய்ந்த காலையில் மொட்டைமாடியில் துணி உலர்த்தப் போனால் கிழக்கே நீலமாக மலை தெரியும். ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவள் ஏறின மலையெல்லாம் உச்சியில் கோயிலும் வழியெல்லாம் படியும் உள்ள மலைகள். படியும் இல்லாத, வேண்டுதலும் இல்லாத ஒரு மலையில், சும்மா ஏறிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு வெகுநாள் ஆசை. சொன்னால் சிரிப்பார் என்று சொன்னதில்லை. பை வந்த அன்று அவளுக்குச் சந்தோஷத்தில் சாப்பாடே இறங்கவில்லை.

ஆனந்தகிருஷ்ணன் மெதுவாகத் தூண்டில் போட்டார். முகாமில் ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு ஆளுக்கு எட்டுக் கிலோதான் மூட்டை, அங்கே தராசு வைத்து நிறுத்துத்தான் மேலே விடுவார்கள் என்று சொன்னார். பிறகு தன் சொந்தச் சட்டத்தையும் சேர்த்தார்.

"யார் பை எட்டுக் கிலோவுக்கு மேல போறதோ, அவா கீழேயே உக்காரணும். முறையிடறது, கெஞ்சறதெல்லாம் கிடையாது. சம்மதமா?"

சீதாலக்ஷ்மி ஒரு கீரைத்தண்டை ஒடித்தாள். "யாரானாலுமா?"

"யாரானாலும்தான்."

"செரி. சம்மதமாக்கும்."

ஆனந்தகிருஷ்ணனுக்கு உள்ளுக்குள் தேன் குடித்த மாதிரி இருந்தது. சீதாலக்ஷ்மியாவது, எட்டுக் கிலோவாவது. அவள் மருந்து டப்பாவே அரைக் கிலோ தேறும்.

அன்று முதல் அந்த வீட்டில் பாடம் ஆரம்பமாயிற்று. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் கூடத்தில் பையை விரித்துப் போட்டு, சீதாலக்ஷ்மியை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, மூட்டை கட்டும் சாஸ்திரத்தை விளக்குவார். சட்டையை மடிக்கக்கூடாது, சுருட்ட வேண்டும். சுருட்டினதை பிளாஸ்டிக் உறையில் போட்டு மேலே உட்கார்ந்து காற்றை வெளியேற்ற வேண்டும். கனமானது முதுகோடு ஒட்டி வரவேண்டும். அடியில் தனி ஜிப் வைத்த அறை இருக்கிறதே, அதில் போர்வையைத் தவிர வேறொன்றும் கூடாது. பெயரைப் பைக்கு வெளியே எழுதினால் மழையில் அழிந்துவிடும், மேல்மூடிக்கு உள்பக்கம்தான் ஒட்ட வேண்டும். அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலம் எப்போதும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எடையைக் குறைப்பதற்காகப் பல்தேய்க்கிற பிரஷ்ஷின் கைப்பிடியைப் பாதியாக அறுத்தார். பனியனில் இருந்த கம்பெனிச் சீட்டைக் கத்தரித்து எறிந்தார். இப்படி மிச்சம் பிடித்த எடையில் சாலைக் கடைத்தெருவுக்குப் போய் நெற்றியில் கட்டும் விளக்கு, திசைகாட்டி, ஒரு விசில், பதினோரு அலகு உள்ள கத்தி எல்லாம் வாங்கி வந்தார். பதினோராவது அலகு எதற்கு என்று சீதாலக்ஷ்மி கேட்டாள். அது ஆபத்து வரும்போது தானாகத் தெரியும் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தன் பையை ஒத்திகை பார்த்தாள். அவர் ஒரு கையால் தூக்கிப் பார்த்தார், இரண்டு கையால் தூக்கிப் பார்த்தார், பை தரையை விட்டு எழும்பவில்லை. உள்ளே எவர்சில்வர் தூக்கு மட்டுமே மூன்று. ஆனந்தகிருஷ்ணன் அன்றைக்கு இரண்டு தடவை பாயசம் போட்டுக்கொண்டார். மறுநாளும் வழக்கம்போலப் பாடம் நடத்தினார். அவளும் வழக்கம்போல கவனமாகக் கேட்டுக்கொண்டாள். ஜெயித்தவன் பெருந்தன்மையாய் இருக்கவேண்டாமா?

புதன்கிழமை சாயங்காலம் கடைசி நிறுப்பு. கொக்கி வைத்த தராசில் அவர் பை ஏழேமுக்காலும் கொஞ்சமும் காட்டியது. மீசையை நீவிக்கொண்டார். அவள் பையை மாட்டினார். தராசைத் தட்டினார். மறுபடி மாட்டினார். பேட்டரியைக் கழற்றிப் போட்டு மறுபடியும் மாட்டினார். ஆறேகால் கிலோ.

"தூக்கெல்லாம் எங்கே?" என்று கேட்டார்.

"அங்கேயே கஞ்சியும் பயறும் குடுப்பாளாமே. பின்னே என்னத்துக்கு?" என்றாள் சீதாலக்ஷ்மி. "நீங்க சொன்ன மாதிரியே சுருட்டி, மேல உக்காந்து காத்தை எடுத்துட்டேன். ரொம்ப நன்னா சொல்லிக் குடுத்தேள்."

கிளியை வளர்த்துப் பூனை கையில் கொடுப்பார்கள். ஆனந்தகிருஷ்ணனோ பூனையையே வளர்த்துவிட்டார்.

அவர் மறுபடியும் தராசைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் அடுத்த விஷயத்துக்கு வந்தாள். சனிக்கிழமை கிழக்கே சூலம். கல்லாறு கிழக்கே. அந்தத் திசையில் அந்தக் கிழமையில் புறப்படக்கூடாது. அதனால் வியாழக்கிழமை காலையில் நல்ல வேளை பார்த்துப் பரஸ்தானம் வைத்துவிட வேண்டும். அதாவது, மூட்டையை முன்கூட்டியே நல்ல நேரத்தில் வாசல் தாண்டிப் பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிட்டால், பிரயாணம் அன்றைக்கே ஆரம்பித்ததாகக் கணக்கு. அப்புறம் எந்தச் சூலத்தில் போனாலும் தோஷமில்லை. அப்படி வைத்த மூட்டை திரும்ப வீட்டுக்குள் வரக்கூடாது. அதன்மேல் மஞ்சள் துணியில் ஒரு நாணயத்தை முடிந்து கட்டுவதும் உண்டு.

ஆனந்தகிருஷ்ணன் எரிந்து விழுந்தார். இமயமலை ஏறினவனெல்லாம் பரஸ்தானம் வைத்துவிட்டா ஏறினான் என்று கேட்டார். "உன் பைக்கு மஞ்சத்துணி கட்டு, மாவிலைத் தோரணம் கட்டு, நான் கேக்கப்போறதில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது."

மறுநாள் காலை அவர் ஆபீஸ் போனபிறகு இரண்டு பைகளும் பக்கத்து வீட்டு நாகேஸ்வரன் வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அன்றைக்கு ஆபீஸில் அவருக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. சனிக்கிழமை அவள் தன்னோடு வரப்போகிறாள். வருவது மட்டுமில்லை, லேசான பையோடு முன்னால் நடக்கப்போகிறாள். ஸ்நேகாவுக்கு ஃபோன் பண்ணி, உன் அப்பா எட்டு, நான் ஆறேகால் என்று சொல்லப்போகிறாள். அந்த நினைப்பிலேயே மத்தியானச் சாப்பாடு கசந்தது. வெள்ளிக்கிழமை காலை, சமையலறையில் தண்ணீர் குடிக்கப் போனவர் கண்ணில் அது பட்டது.

ரசத்துக்கு மிளகு இடிக்கிற குட்டி இரும்பு உரல். உள்ளே ஒரு குட்டி உலக்கை. சீதாலக்ஷ்மியின் அம்மா வீட்டுச் சீர். கையில் எடுத்தார். நல்ல கனம். மூன்று கிலோ தேறும்.

நீங்கள் நினைப்பது சரிதான். அவரும் அதையேதான் நினைத்தார். யார் பையில் உரல் இருந்தால் உலகம் நம்பும்? தோசைக்கல் எடுத்து வந்தவளின் பையில் இருந்தால் நம்பும். நானில்லை என்று அவள் தலையால் தண்ணி குடித்தாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கோயிலுக்குக் கிளம்பின பின், உரலை ஆபீஸ் பைக்குள் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். நாகேஸ்வரன் டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். பையின் வார் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தேன் என்றார் ஆனந்தகிருஷ்ணன். அதோ இருக்கிறது, பாரும் என்று திரும்பாமலே கைகாட்டினார் அவர்.

மூலையில் இரண்டு நீலப் பைகள், இரட்டைப் பிள்ளைகள் போல. ஒன்றின் கைப்பிடியில் மட்டும் மஞ்சள் துணி முடிச்சு. ஆனந்தகிருஷ்ணனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் நம்பிக்கையே அவள் பையைக் காட்டிக்கொடுக்கிறது. அடி அறையின் ஜிப்பைத் திறந்தார், போர்வைக்குப் பின்னால் உரலைச் செருகினார், மூடினார். நாகேஸ்வரனின் மனைவி பார்வதியம்மாள் காப்பி கொண்டுவந்தபோது அவர் எழுந்து நின்று கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். வார் நன்றாக இருக்கிறதா என்று அவள் கேட்டாள். பிரமாதமாக இருக்கிறது என்றார். அன்றைக்கு ராத்திரி ரசத்துக்குப் பதில் மோர்க்குழம்பு. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை, நாலு கரண்டி விட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை விடிந்தும் விடியாமலும் டாக்ஸி வந்தது. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்ற துள்ளலோடு ஆனந்தகிருஷ்ணன் தொப்பி, விசில், திசைகாட்டி சகிதம் முன்சீட்டில் ஏறினார். சீதாலக்ஷ்மி கூடச் சுடிதார் போட்டிருந்தாள். ஸ்நேகாவின் பழைய கான்வாஸ் ஷூ. முகத்தில் ஒரு பளபளப்பு. பார்வதியம்மாள் வாசலில் மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, நாணயத்தைப் பழவங்காடிப் பிள்ளையாருக்குப் போட்டுவிடச் சொல்லிச் சீதாலக்ஷ்மி கையில் கொடுத்தாள். டிரைவர் கிரீஷ் பைகளை டிக்கியில் வைத்தான். இரண்டாவது பையைத் தூக்கியதும் அவன் முகம் கோணிற்று.

"சாரே, இதுக்குள்ள என்ன, கல்லா?"

"லேடீஸ் பேக்னா அப்படித்தான் இருக்கும்," என்றார் ஆனந்தகிருஷ்ணன், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி.

சீதாலக்ஷ்மி பின்சீட்டில் உட்கார்ந்து ஜன்னலைத் திறந்துவிட்டாள். நெடுமங்காடு தாண்டி, ரப்பர்த் தோட்டங்கள் தாண்டி, காற்று குளிர ஆரம்பித்தது. விதுரை வந்ததும் மலை பக்கத்தில் வந்துவிட்டது. மொட்டைமாடியில் நீலமாகத் தெரிந்தது இங்கே பச்சையாக இருந்தது. "எத்தனை பெரிசு," என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனந்தகிருஷ்ணனுக்கு ஒரு கணம் மனசு என்னவோ போலாயிற்று. பாவம், இவ்வளவு ஆசையாக வருகிறாளே. உடனே தோசைக்கல்லை நினைத்துக்கொண்டு மனசைத் திடப்படுத்திக்கொண்டார்.

கல்லாற்றில் முகாமின் கொட்டகை ஆற்றங்கரையிலேயே இருந்தது. பாறைக்குப் பாறை தண்ணீர் குதித்துக்கொண்டிருந்தது. கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிகளில் வேலை பார்க்கிற ஒரு கூட்டம் பிள்ளைகள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். வழிகாட்டி ஷிஜா, பக்கத்து ஊர்ப் பெண். முழங்கால் வரை பூட்ஸ், தோளில் கயிற்றுச் சுருள், எதற்கும் அசராத முகம். ஒரு மரத்தில் தராசு தொங்கியது.

ஆனந்தகிருஷ்ணனுக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம். எடை கூடிற்று என்று தெரிந்ததும் அவள் பையைத் திறந்து உரலை வெளியே எடுத்துப் போட்டுவிட்டால்? முகாம்காரர்கள் அதற்குத் தடை சொல்லமாட்டார்கள். முந்திக்கொள்ள வேண்டியதுதான். விசிலை ஊதினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தனக்கும் தன் மனைவிக்கும் ஒரு பந்தயம் என்றும், எட்டுக் கிலோ தாண்டினவர் நாளை மத்தியானம் வரை கீழேயே இருக்கவேண்டும் என்றும், தராசில் ஏறின பையைத் திறக்கவோ ஒரு குண்டூசியைக் குறைக்கவோ கூடாது, முதல் நிறுப்புதான் கடைசி நிறுப்பு என்றும் பிரகடனம் செய்தார். எல்லோரும் சாட்சி. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"சாரே, அத்தனை கண்டிஷன் ஒண்ணும் இங்கே வேண்டா," என்றாள் ஷிஜா. "கூடினா எடுத்து வெச்சுட்டுப் போகலாம்."

"இல்லை. வாக்குன்னா வாக்கு." ஆனந்தகிருஷ்ணன் மனைவியைப் பார்த்தார். "என்ன சொல்றே?"

"நீங்க சொன்னா செரி," என்றாள் சீதாலக்ஷ்மி.

முதல் பை தராசில் ஏறியது. ஆறேகால். ஆனந்தகிருஷ்ணன் சற்று முகம் சுளித்தார். தன் பை ஏழேமுக்கால் அல்லவா? வழியில் ஏதாவது விழுந்துவிட்டதோ? இரண்டாவது பையை ஷிஜா இரண்டு கையாலும் தூக்கி மாட்டினாள். மரக்கிளை தாழ்ந்தது. பத்தேமுக்காலைத் தாண்டிக் கொஞ்சம் மேலேயே நின்றது.

ஆனந்தகிருஷ்ணன் பெருமூச்சு விட்டு, வருத்தப்படுகிற முகத்தை வரவழைத்துக்கொண்டு, ஆறுதல் சொல்லத் தயாரானார். ஷிஜா மேல்மூடியைத் தூக்கி உள்ளே ஒட்டியிருந்த பெயரைப் படித்தாள்.

"ஆனந்தகிருஷ்ணன். அது சார் அல்லே?"

காடே அமைதியாகிவிட்டது போலிருந்தது அவருக்கு. ஆறு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவர் போய்த் தன் கண்ணாலேயே படித்தார். அவர் கையெழுத்துதான், மழையில் அழியாத மையில்.

"மஞ்சத்துணி..." என்றார்.

சீதாலக்ஷ்மி பக்கத்தில் வந்தாள். பரஸ்தானம் வைத்தால் முடிச்சை ஆத்துக்காரர் மூட்டையில்தான் கட்டுவது வழக்கம், அவர் பேரில் வைத்தால் ஆத்துக்காரிக்கும் சேர்ந்தது, கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் இதுகூடவா தெரியாது என்று பதமாக விளக்கினாள். அவருக்கு நம்பிக்கை இல்லாவிட்டால் போகிறது, அவர் நன்றாகப் போய்வர வேண்டும் என்று அவளுக்கு இருக்காதா?

ஆனந்தகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. பாசத்தினாலா, பத்தேமுக்கால் கிலோவினாலா என்று அவருக்கே தெரியவில்லை. ஷிஜாவுக்கு மனசு இளகியது. உள்ளே என்ன கனம் என்று பார்த்து எடுத்து வைத்துவிட்டு வாருங்கள், சாரைவிட்டுப் போனால் என்ன ரசம் இருக்கும் என்றாள். அவர் ஆவலோடு மனைவியின் முகத்தைப் பார்த்தார். இருபத்தைந்து வருஷத்து முகம். அதில் இரக்கம் இருந்தது. சட்டமும் இருந்தது.

"வேண்டா, ஷிஜா. இவர் வாக்குத் தவறினார்னு நாளைக்கு ஒருத்தர் ஒரு வார்த்தை சொல்லப்படாது," என்றாள் சீதாலக்ஷ்மி.

ஐ.டி. பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்கள்.

கயிறு கட்டியாயிற்று. இடுப்பில் வாரை மாட்டிக்கொண்டு சீதாலக்ஷ்மி ஆற்றில் இறங்கினாள். நடுவில் தண்ணீர் அவளை ஒரு ஆட்டு ஆட்டியது. அவள் கூவினாள், பயத்தில் இல்லை, சந்தோஷத்தில். அப்படி ஒரு கூவலை ஆனந்தகிருஷ்ணன் இந்த இருபத்தைந்து வருஷத்தில் கேட்டதே இல்லை. தன்னை அறியாமல் அவரும் எழுந்து நின்று விசில் ஊதினார். அக்கரை ஏறியதும் அவள் மலையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு ஷிஜாவிடம் ஏதோ சொல்லி, கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் இக்கரைக்கு வந்தாள்.

ஆனந்தகிருஷ்ணன் தண்ணீர் ஓரத்துக்கே ஓடினார். மனசு மாறிவிட்டாள். என்ன இருந்தாலும் சீதா சீதாதான். அவசர அவசரமாகத் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

அவள் தன் பையின் பக்க அறையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் காற்றெடுத்து, அழகாகச் சுருட்டிக் கட்டின ஒரு பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். உள்ளே மிளகும் சீரகமும்.

"நேத்து சாயங்காலம் ரசத்துக்கு இடிக்கலாம்னு பார்த்தா உரலைக் காணோம். பார்வதி மாமிதான் சொன்னா, நீங்க வந்து உங்க பைல வெச்சுண்டதை உள்ளேர்ந்து பார்த்தேன்னு. என்னத்துக்கோ வேணும் போலிருக்குன்னு விட்டுட்டேன். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் சும்மாதானே உக்காந்திருக்கப் போறேள்?"

அவர் பொட்டலத்தையும் தன் பையையும் மாறி மாறிப் பார்ப்பதற்குள் அவள் பாதி ஆறு கடந்திருந்தாள். நடுவில் நின்று, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆற்றுச் சத்தத்துக்கு மேலாகத் திரும்பிக் கத்தினாள்.

"ரொம்ப நைசா இடிச்சுடாதீங்கோ. ரசத்துக்குக் கொரகொரன்னு இருந்தாப் போறும்."